ரைமிங் செயின் அறுந்தால்

டீசல் எஞ்சினின் ஒரு முனையில், மூடிக்குள் ஒயிலில் நனைந்தபடி ஓடுவது ரைமிங் செயின். கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும்; அந்தக் கணக்கைப் பிசகாமல் காப்பது இந்தச் சங்கிலி. கிராங்க் பிஸ்டனை ஏற்றி இறக்குகிறது, கேம் வால்வைத் திறக்கிறது. வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வருகிறது. இரண்டும் முட்டாமல் இருப்பது நேரக் கணக்கால் மட்டுமே.

டீசலில் அதற்கான இடைவெளி மிகக் குறைவு. தீப்பொறி இல்லாமல் நெருக்கிய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும் என்பதால், காற்று பெரும்பாலும் 15 முதல் 22 மடங்கு வரை நெருக்கப்படுகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களில் இது ஏறத்தாழ 7, 8 மடங்குதான். சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்தால், பிறகு புகைத்துக்கொண்டாவது ஓடின. டீசலிடம் அந்தத் தாராளம் கிடையாது. செயின் அறுந்தால் வால்வு வளையும், றொக்கர் உடையும், சில வேளை பிஸ்டனும் சேதமாகும்.

எல்லா டீசலிலும் செயின் இல்லை. குடாநாட்டு வீதிகளில் அதிகம் தெரியும் கே.டி.எச். வான்களின் டீசல் எஞ்சினில் இருப்பது பெல்ற். அதன் பின் வந்த ரொயோட்டா 1ஜி.டி. எஞ்சினிலும், ஃபியற் வடிவமைத்து 2007 முதல் மாருதி ஸ்விஃப்ற்றில் வந்த 1.3 லீற்றர் டீசலிலும் செயின். பெல்ற்றுக்குத் தவணை உண்டு; செயினுக்கு ஆயுள் முழுவதும் என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். அது ஒயில் சுத்தமாக இருக்கும்வரைதான் உண்மை. கரி கலந்த பழைய ஒயில் ஒவ்வொரு கண்ணியின் ஊசியையும் சிறிது சிறிதாகத் தேய்க்க, மொத்தச் செயினும் நீண்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாகக் கொழும்பு போய்வர ஏறக்குறைய 800 கிலோமீற்றர். 5000 கிலோமீற்றருக்கு ஒயில் மாற்ற வேண்டிய வாகனத்துக்கு ஆறு பயணத்திலேயே தவணை வந்துவிடும்.

காலையில் ஸ்ரார்ட் செய்ததும் சில விநாடி சலசலத்து அடங்கும் சத்தமே முதல் எச்சரிக்கை. ஒயில் அழுத்தத்தால் செயினை இறுக்கும் ரென்சனர் அதுவரை தளர்ந்திருக்கிறது. பற்றரி இறங்கிய வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளி ஸ்ரார்ட் செய்வதும் இந்தத் தளர்ந்த நிலையில்தான் நடக்கிறது. தேய்ந்த செயின் அப்போது ஒரு பல் தாவக்கூடும்.

அறுந்தபின் சாவியைத் திருப்பிப் பார்ப்பது சேதத்தைக் கூட்டும். புதுச் செயினுக்குப் பணம் கொடுக்கும் முன் வால்வுகளைச் சோதிக்க வேண்டும். கேம் தண்டுகளைக் கழற்றினால் எல்லா வால்வும் மூடி நிற்கும். ஹீற்றர் பிளக் துளையால் காற்றடித்துக் காது கொடுத்தால், காற்று உள்ளெடுக்கும் குழாயில் சீறுகிறதா, புகைக்குழாயில் சீறுகிறதா என்பது தெரியும். எங்கு சீறினாலும் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஹெட் கஸ்கற் விடயத்தில் கவனம் தேவை: பல டீசல்களுக்கு அது வெவ்வேறு தடிப்பில் வரும், ஓரத்து வெட்டுகளே அடையாளம். ஒயில் சம்பையும் இறக்கிப் பார்ப்பது நல்லது. செயினை நடத்தும் வழிகாட்டிகளின் உடைந்த துண்டுகள் ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்திருக்கலாம்.

செயினுடன் பற்சில்லு, வழிகாட்டி, ரென்சனர் எல்லாம் புதிதாக வேண்டும். நிறமிட்ட கண்ணிகளைக் குறிகளோடு பொருத்தி, ரென்சனரின் பூட்டூசியைக் கடைசியில் உருவ வேண்டும். பிறகு கிராங்கை ஸ்பனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். இடையில் தட்டி நின்றால் பலம் போடக்கூடாது, குறி தவறியிருக்கிறது.

திருத்தச் செலவு மிஞ்சினால் ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் எஞ்சின் இலகுவான வழி. ஆனால் அதன் செயினும் ஓடித் தேய்ந்ததே. வாகனத்தில் ஏற்றுமுன், மூடி கைக்கெட்டும் நிலையில் இருக்கும்போதே மாற்றிவிடலாம். எஞ்சின் இலக்கம் மாறுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும்.