டெக் நிறுவனங்களை ஏன் ஆக்டோபஸாக வரைகிறார்கள்? ஒரு பழைய கார்ட்டூனும் புதிய சட்ட வரைவும்

பெரிய டெக் நிறுவனம் ஒன்றுக்கு அபராதம் விழுந்தால் போதும், நம்ம டைம்லைனில் ஒரு ஆக்டோபஸ் வந்துவிடும். ஒவ்வொரு கையிலும் ஒரு ஆப். இந்த உருவம் எங்கிருந்து வந்தது?

இந்த வகையில் ரொம்பப் பிரபலமானது, அமெரிக்காவின் 'பக்' நகைச்சுவை வார இதழில் 1904 செப்டம்பரில் உடோ கெப்ளர் வரைந்த 'நெக்ஸ்ட்!'. ஸ்டாண்டர்ட் ஆயிலின் எண்ணெய்த் தொட்டிதான் ஆக்டோபஸின் உடல். கைகள் எஃகு, தாமிரம், கப்பல் தொழில்களோடு நாடாளுமன்றக் கட்டடத்தையும் சுற்றி வளைத்திருக்கின்றன. ஒரு கை மட்டும் வெள்ளை மாளிகையை நோக்கி நீள்கிறது.

அவருடைய அப்பா ஜோசப் கெப்ளர் அதே இதழில் 1889-ல் வரைந்த 'செனட்டின் முதலாளிகள்' எனக்கு இதைவிடப் பிடிக்கும். அவையின் பின்புறம் எஃகு, சர்க்கரை, எண்ணெய் முதலாளிகள் பணமூட்டை வயிறுகளோடு ராட்சச உருவில் நிற்கிறார்கள். முன்னால் செனட்டர்கள், பள்ளிப் பிள்ளைகள் சைஸில். மேலே 'மக்கள் நுழைவாயில்' பூட்டிக் கிடக்கிறது. அன்று செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநில சட்டமன்றங்கள்தான். நேரடித் தேர்தல் 1913-ல்தான் வந்தது.

அடுத்த ஆண்டே ஏகபோகத்துக்கு எதிரான ஷெர்மன் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்க ரொம்ப நாளானது. நாட்டின் சர்க்கரை சுத்திகரிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருந்த நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், 1895-ல் அரசு தோற்றது. உற்பத்தி வேறு, வணிகம் வேறு என்றது உச்ச நீதிமன்றம். ஸ்டாண்டர்ட் ஆயில் 34 நிறுவனங்களாக உடைந்தது 1911-ல். அதன்பின் பங்கு விலைகள் ஏறி, ராக்ஃபெல்லர் இன்னும் பெரிய பணக்காரர் ஆனார். எந்த கார்ட்டூனையும் மிஞ்சும் ஜோக் இது.

ஆக்டோபஸில் இரண்டு சிக்கல்கள் உண்டு. யூதர்களுக்கு எதிரான நாஜி பிரசாரமும் இதே உருவத்தைப் பயன்படுத்தியது. அதனால் பலருக்கு அது இன்றும் உறுத்தும். அடுத்தது, அந்தப் படம் அளவைத்தான் காட்டுகிறது, நடத்தையை அல்ல.

நம்ம ஊர் சட்டமும் ஒரு காலத்தில் அப்படித்தான் யோசித்தது. 1969-ன் எம்ஆர்டிபி சட்டம் சொத்து 20 கோடி ரூபாயைத் தொட்ட குழுமங்களைக் கண்காணித்தது. 2002-ன் போட்டிச் சட்டம் இதை மாற்றியது. பெரிதாக இருப்பது குற்றமில்லை, அந்த பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். 2022 அக்டோபரில் போட்டி ஆணையமான சிசிஐ கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததற்கு ஆண்ட்ராய்டின் அளவு காரணமல்ல. போனில் கூகுள் ஆப்களை மொத்தமாக ஏற்றியே விற்க வேண்டும் என்பது போன்ற ஒப்பந்த நிபந்தனைகள்தான் காரணம். ஒப்பந்த நிபந்தனையை எப்படி வரைவது?

2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவில் அளவு மறுபடி உள்ளே வந்தது. இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 1 கோடி பயனர்கள் போன்ற எல்லைகளைத் தாண்டும் நிறுவனங்களை சிசிஐ அடையாளம் காணும். தப்பு நடக்கும்வரை காத்திருக்காமல், அன்றிலிருந்தே அவற்றுக்குத் தனி விதிகள் பொருந்தும்.