பொறித் தாங்கி

பொறித் தாங்கி அல்லது எஞ்சின் மவுண்ட் என்பது தானுந்தின் பொறியை அதன் சட்டகத்துடனோ உடற்பகுதியுடனோ இணைக்கும் உறுப்பு ஆகும். பொறியின் எடையைத் தாங்குதல், அதிர்வு வண்டிக்குள் பரவாமல் தடுத்தல், முறுக்கு விசையால் பொறி இடம்பெயராமல் கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றும் இதன் பணிகள் ஆகும்.

அமைப்பு

தொடக்ககாலத் தானுந்துகள் பலவற்றில் பொறி நேரடியாகச் சட்டகத்தில் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. 1931 இல் கிறைஸ்லர் நிறுவனம் தனது பிளிமத் தானுந்தில் ரப்பர் தாங்கி முறையை அறிமுகப்படுத்தியது. இன்று உலோகப் பகுதிகளுக்கு இடையே ரப்பர் ஒட்டப்பட்ட தாங்கிகள் பரவலாக உள்ளன. நீர்மத் தாங்கி எனும் வகையில், உள்ளே அடைக்கப்பட்ட நீர்மம் இரு அறைகளுக்கு இடையே குறுகிய வழியில் பாய்ந்து அதிர்வைத் தணிக்கிறது.

நிமிடத்துக்கு 750 சுற்றுகள் சுழலும் நான்கு உருளை, நான்கு வீச்சுப் பொறியில் நொடிக்கு 25 முறை எரிபொருள் எரிகிறது. தாங்கி கெட்டால் இந்தத் துடிப்பு இருக்கை வரை உணரப்படும்.

தேய்மானமும் அறிகுறிகளும்

வெப்பத்தாலும் காலப்போக்கிலும் ரப்பர் இறுகி வெடிக்கிறது. கசியும் எண்ணெய் பட்டால் அது உப்பி மென்மையாகிறது. வண்டி நின்றிருக்கும்போது மிகுந்த குலுக்கம், கியர் மாற்றும்போதோ புறப்படும்போதோ 'டக்' என்ற ஒலி, பொறி ஒரு பக்கம் தாழ்ந்திருத்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

விளைவுகள்

கெட்ட தாங்கியைக் கவனிக்காமல் விட்டால் மற்றத் தாங்கிகளின் சுமை கூடுகிறது. புகைபோக்கிக் குழாயின் இணைப்புகள், நீர்க் குழாய்கள், மின்கம்பிகள் ஆகியனவும் சேதமடையலாம். 1971 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 67 இலட்சம் செவ்ரோலெட் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் தாங்கி முறிந்தால் பொறி மேலெழும்பி, முடுக்கி திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும் அபாயம் இருந்தது. பொறி எழும்பாதவாறு தடுக்கும் கம்பி வடம் பொருத்தப்பட்டு இக்குறை சரிசெய்யப்பட்டது.

பழுதைக் கண்டறிதல்

எல்லாக் குலுக்கத்துக்கும் தாங்கி காரணம் அன்று. பழுதடைந்த தீப்பொறிச் செருகியும் நின்ற நிலையில் குலுக்கம் தரும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தோன்றும் அதிர்வு பெரும்பாலும் சக்கரச் சமநிலைக் குறைவால் வருவது. ஆகவே ரப்பரில் வெடிப்போ நீர்மக் கசிவோ உள்ளதா என்று முதலில் பார்க்கப்படுகிறது. பின்னர் தடையை அழுத்திப் பிடித்தபடி கியரை முன்னும் பின்னும் மாற்றி, பொறி எவ்வளவு அசைகிறது என்பது கவனிக்கப்படுகிறது. அப்போது வண்டியின் முன்போ பின்போ எவரும் நிற்கலாகாது.

பணிமனையைத் தேர்ந்தெடுத்தல்

தாங்கியைக் கழற்றும்போது பொறியின் எடையை வேறொன்று தாங்க வேண்டும். முறையான தூக்கியின்றி இதைச் செய்வது ஆபத்தானது. எனவே பணிமனையின் தேர்வு முக்கியமானது. கவனிக்கத்தக்கவை:

* சோதித்துப் பார்த்த பின்னரே உறுப்பை மாற்றச் சொல்கிறார்களா?
* பழுதான தாங்கியை நேரில் காட்டி, கழற்றிய உறுப்பைத் திருப்பித் தருகிறார்களா?
* உறுப்பின் விலை, வேலைக் கூலி, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை முன்னரே எழுத்தில் தருகிறார்களா?
* நீர்மத் தாங்கிக்குப் பதிலாக மலிவான ரப்பர் தாங்கியைப் பொருத்த முயல்கிறார்களா? அவ்வாறு செய்தால் புதிய உறுப்பு இருந்தும் அதிர்வு நீங்காமல் போகலாம்.
* எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும் அடைக்கிறார்களா? இல்லையெனில் புதிய தாங்கியும் விரைவில் கெடும்.
* திருகாணிகளைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு, முறுக்கு விசைமானி கொண்டு இறுக்குகிறார்களா?