திட்ட முன்மொழிவு எழுத முன்னர்

குளம் திருத்த உதவி கேட்டு எமது கிராமச் சங்கங்கள் எழுதும் முன்மொழிவுகள் பல வெறும் மனுவாகவே நின்றுவிடுகின்றன. எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், எந்த மாதத்தில் நீர் வற்றுகிறது என்ற கணக்கு அவற்றில் இல்லை.

இக்கணக்கைத் தேடிக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. சிறுபோகத்திற்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்து நீர்மட்டத்தைப் பார்த்தே எவ்வளவு காணி விதைப்பதெனத் தீர்மானிக்கிறார்கள். அக்கூட்டக் குறிப்புகளைப் பத்து வருடத்திற்கு வரிசையாக எழுதிப் பார்த்தால் குளத்தின் கதை முழுவதும் தெரியவரும். கமக்காரர் அமைப்பின் செயலாளரிடமும் கமநல சேவை நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். குடும்பத் தொகைக்குக் கிராம அலுவலர் இருக்கிறார்.

அடுத்தது, பாதிக்கப்படக்கூடியவர்களின் பேச்சு. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி நிதி வழங்க இணங்கிய திட்டம், இரணைமடு நீரை யாழ்ப்பாணத்திற்குக் குடிநீராகக் கொண்டுசெல்ல எண்ணியது. சிறுபோகத்திற்கே நீர் போதாதென்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தின் தேவையும் பொய்யல்ல. முடிவில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. இடையில் கழிந்தவை பதினான்கு வருடங்கள்!

ஆகவே, உங்கள் திட்டத்தால் எவருக்கு நீர் குறையுமோ அவர்களை முதலிலேயே சந்தியுங்கள். அவர்கள் சொன்ன மறுப்பையும் அறிக்கையில் எழுதுங்கள். கடைசி வாய்க்காலில் உள்ளவர்களின் கையொப்பத்தையும் இணைத்தல் நன்று.