தனியா ஒரு கடலோர ரோடு ட்ரிப், ஹாஸ்டல்ல ஒரு படுக்கை: மங்களூரு - கார்வார் கிளம்பும் முன் என்ன தெரிஞ்சிருக்கணும்?

லீவு அப்ரூவ் ஆகிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் ஆறு பேர் 'கண்டிப்பா வர்றேன் மச்சி' என்று சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை இரவுக்குள் ஆறு பேருக்கும் ஆறு காரணங்கள். இனி ட்ரிப்பை கேன்சல் செய்வதா, தனியாகவே கிளம்புவதா?

தனியாகப் போவது என்று முடிவெடுத்தால், முதல் முறைக்குக் கர்நாடகக் கடற்கரை நல்ல தேர்வு. மகாராஷ்டிராவின் பன்வேலில் இருந்து கன்னியாகுமரி வரை மேற்குக் கடற்கரையை ஒட்டி ஓடும் தேசிய நெடுஞ்சாலை 66-இல் மங்களூரு - கார்வார் ஒரு பகுதி. நடுவில் உடுப்பி, குந்தாபுரா, முருடேஸ்வர், ஹொன்னாவர், கோகர்ணா. ஊர்கள் ஒன்றுக்கொன்று பக்கம் என்பதால் நாள் முழுக்க ஓட்டத் தேவையில்லை. வண்டி மக்கர் பண்ணினாலும் கொங்கண் ரயில் பாதை கூடவே வருகிறது. சென்னையில் இருந்து மங்களூருவுக்கு நேரடி இரவு ரயில் உண்டு.

ஏன் தெற்கிலிருந்து வடக்கே?

நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம். வடக்கே போகும்போது கடலும் இடது பக்கம். உடுப்பியைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் வரும் மரவந்தேயில் இதன் அருமை தெரியும். இடது பக்கம் அரபிக்கடல், வலது பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் சாலை. அங்கே வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. நிறுத்துங்கள், ஆனால் சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்துங்கள். செல்ஃபி எடுப்பவர் பின்னாலேயே லாரி ஓடும் நெடுஞ்சாலை அது.

வண்டி யாருடையது?

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டியின் நம்பர் பிளேட் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் இருக்கும். 'ரேட் கம்மி சார்' என்று வெள்ளை பிளேட் வண்டியைத் தந்தால் வாங்காதீர்கள். அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. வாடகைக்கு விட்டால் இன்ஷூரன்ஸ் பாலிசியின் நிபந்தனையே மீறப்படுகிறது. விபத்து நடந்தால் கிளெய்ம் சிக்கலாகும். ஒரு நாளைக்கு 200 ரூபாய் மிச்சம் பிடித்து, லட்சக்கணக்கில் நஷ்ட ஈடு கேட்டு வரும் கேஸில் மாட்டுவது புத்திசாலித்தனமா?

லைசென்ஸ், ஆர்சி போன்றவை டிஜிலாக்கர் ஆப்பில் இருந்தால் போதும், அது சட்டப்படி செல்லும். ஆனால் சிக்னல் இல்லாத இடங்கள் வரும். முன்பே ஆப்பில் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் போகலாமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தச் சாலை அழகின் உச்சத்தில் இருக்கும். ஆபத்தின் உச்சமும் அதே மாதங்கள்தான்.

2024 ஜூலை 16 அன்று அங்கோலா தாலுகாவின் ஷிரூரில் மலைச்சரிவு இடிந்து நெடுஞ்சாலை மீது விழுந்தது. சாலையோரம் டீக்கடை நடத்திய குடும்பமும், அங்கே லாரியை நிறுத்தியிருந்த ஓட்டுநர்களும் சிக்கினார்கள். கேரளாவைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரின் உடல் கங்காவளி ஆற்றில் இருந்து மீட்கப்பட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. சாலையை அகலப்படுத்த மலையைச் செங்குத்தாக வெட்டியது முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 7 நள்ளிரவில், கார்வார் அருகே காளி ஆற்றின் பழைய பாலம் இடிந்து விழுந்தது. லாரியோடு ஆற்றில் விழுந்த தமிழ்நாட்டு ஓட்டுநர் உயிரோடு மீட்கப்பட்டார்.

ஷிரூரில் சிக்கியவர்களில் பலர் ஓடிக்கொண்டிருந்தவர்கள் இல்லை, நின்றிருந்தவர்கள். அதனால் பலத்த மழை நாளில் வெட்டப்பட்ட சரிவுக்குக் கீழே டீக்கும் நிற்க வேண்டாம், போன் பேசவும் நிற்க வேண்டாம். வானிலை மையம் ரெட் அலர்ட் விடுத்த நாளில் ஊரிலேயே இருந்துவிடுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112.

இன்னொரு விஷயம்: மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். நம் கிழக்குக் கரையில் ஜூன் 14-இல் முடிந்துவிடும், இங்கே தேதி வேறு. ஃப்ரெஷ் மீனை நம்பிக் கிளம்புகிறவர்கள் கணக்கில் வையுங்கள். மல்பே அருகே உள்ள செயின்ட் மேரிஸ் தீவுக்கும் மழைக்காலத்தில் படகு கிடையாது. அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை எல்லாமே கிடைக்கும்.

ஹாஸ்டல் என்றால் காலேஜ் ஹாஸ்டலா?

வீட்டில் அம்மா கேட்கும் முதல் கேள்வி இது. இல்லை. அறைக்குப் பதிலாகப் படுக்கைக்கு வாடகை. ஒரு அறையில் நான்கு முதல் பத்துப் பேர் வரை, மேலும் கீழுமாகக் கட்டில்கள். பாத்ரூம் பொது. ஆண், பெண் இருவரும் தங்கும் டார்ம் தனி, பெண்களுக்கு மட்டுமான டார்ம் தனி. புக் செய்யும்போது எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கோகர்ணாவில் சாதாரண நாளில் ஆயிரம் ரூபாய்க்குள் படுக்கை கிடைத்துவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

சொந்தப் பூட்டு ஒன்று எடுத்துப் போங்கள். லாக்கர் தருவார்கள், பூட்டு பல இடங்களில் தரமாட்டார்கள். காதடைப்பானும் அவசியம், குறட்டைக்கு மொழி, மாநில வேறுபாடு இல்லை. அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் தருவதானால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் இறக்கிக் கொடுக்கலாம். அதே ஊர் முகவரி உள்ளவர்களுக்குச் சில ஹாஸ்டல்கள் இடம் தருவதில்லை. இது சட்டமில்லை, அவர்கள் வைத்த விதி. ஆனாலும் இரவு பத்து மணிக்கு ரிசப்ஷனில் நின்று வாதாடுவதைவிட முன்பே போன் போட்டுக் கேட்பது மேல்.

ரிவ்யூ படிக்கும்போது ஸ்டாரை விடுங்கள். தனியாக வந்த பெண்கள் கடந்த மூன்று மாதத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்களுக்கும் அதுதான் நம்பகமான அளவுகோல்.

கடலில் இறங்கலாமா?

2024 டிசம்பரில் முருடேஸ்வருக்குச் சுற்றுலா வந்த நான்கு பள்ளி மாணவிகள் கடலில் மூழ்கி இறந்தார்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். பல நேரம் அதுதான் நீர் கரையில் இருந்து கடலுக்குள் இழுக்கும் பாதை. சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். தனியாக வந்தவருக்கு இதில் கூடுதல் சிக்கல்: நீங்கள் மூழ்குவதைக் கவனிக்க ஆள் இல்லை. லைஃப்கார்டு இருக்கும் இடத்தில், இருக்கும் நேரத்தில் மட்டும், இடுப்பளவு தண்ணீர் வரை.

தினமும் இரவு ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் லைவ் லொகேஷனை ஒருவருக்கு அனுப்புங்கள். அந்த ஆறு பேரில் ஒருவருக்கே அனுப்பலாம்.