சித்திரை வெயில் உங்கள் மொட்டை மாடியில் எவ்வளவு கொட்டுகிறது, தெரியுமா?

சித்திரை பிறக்கும் நாளையொட்டி, பகல் சுமார் 12.20 மணிக்கு, தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்தில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது, தெரியுமா? ஊர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 9.3 பாகை வடக்கே. சூரியன் அப்போது நேர் உச்சந்தலைக்கு மேல்! ஆவணியில், ஆகஸ்ட் கடைசி வாக்கில், இன்னொரு தடவையும் இதே கூத்து நடக்கிறது.

அப்படியென்றால் வெயில் முதலில் இறங்குவது சுவரிலா? இல்லை, மொட்டை மாடியில்! 20க்கு 30 அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட். மொத்தம் 55 கிலோவாட்! ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 55ஐ மாடியில் பரப்பி சுவிட்சைப் போட்டதற்குச் சமம். அஞ்சு அங்குல கான்கிரீட் அதில் பாதிக்கு மேல் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு நம் தலையில் கக்குகிறது. ஃபேன் போட்டாலும் அனல் காற்றுதானே வருகிறது? காரணம் மேலே இருக்கிறது. ஏசி வாங்குவதற்கு முன்னால் கூரையைக் கவனியுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

பழைய காரை வீட்டுக்குள் நுழைந்ததும் குளுகுளுவென்று இருப்பது ஏன் தெரியுமா? மரச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதற்கும் மேல் தட்டோடு பதித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய கூரை அது. செங்கல் ஜல்லிக்குள் காற்று அடைந்து கிடக்கிறது. அந்தக் காற்றுதான் வெப்பத்துக்குத் தடுப்பு! இன்றைய கான்கிரீட் தளத்தின் மேலும் அதே ஜல்லி-சுண்ணாம்புக் கலவையை (சுர்க்கி) போட்டுத் தட்டோடு பதிக்கலாம். கொத்தனார்களுக்குப் பழகிய வேலை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் என்ன செய்தார் தெரியுமா? கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, பாரத்தைத் தாங்குவது கம்பிதான் என்று, அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து வார்த்தார். சுவரில் செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவே பொந்து விட்டார். செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், உள்ளே காற்றுத் திரை இலவசம்!

கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று விதித்தொகுப்பே இருக்கிறது, தெரியுமா? 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட் என்று வரம்பு கட்டியது. வெறும் கான்கிரீட் தளம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விடுகிறது! ஆனால் அந்த 2018 விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். நம் மூன்று சென்ட் வீட்டை அது எட்டிப் பார்க்காது. நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் காசில்லையா? பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, பசை கலந்து மாடிக்கும் அடியுங்கள்! புது வெள்ளை வெயிலின் பெரும்பங்கை வானத்துக்கே திருப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கரைத்துவிடும்தான். அதனால் ஒவ்வொரு தையிலும் அடிக்க வேண்டும். அனல் மாதங்களுக்கு முன்னால் சரியான நேரம்.

வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று படித்திருப்பீர்கள். நம் ஊரில் அது பொய்! சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்தே நிற்கிறது. ஆனியில் சுமார் 14 பாகை. வடக்கு ஜன்னலுக்கும் சின்ன சன்ஷேடு தேவை. மேற்குச் சுவர்தான் பெரிய வம்பு: அந்தப் பக்கம் படிக்கட்டு, குளியலறை, ஒரு வேப்பமரம் என்று வையுங்கள்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி ஏசி இல்லாமலே குளிர்கிறது, தெரியுமா? 1930களின் பிற்பாதியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கட்டடம். நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாகத் திருப்பி மூடும் கிடைப் பலகைகள். கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை, இடையில் காற்று!

வெளிச்சத்துக்கு வருவோம். உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். படிக்க 300 லக்ஸ் போதும். சின்ன ஓட்டை போதும் என்றுதானே அர்த்தம்? ஓட்டு வீட்டு அடுப்படியில் நம் ஆட்கள் செருகிய ஒற்றைக் கண்ணாடி ஓடு அந்தக் கணக்கைத்தான் போட்டது! பிரேசிலில் ஆல்ஃப்ரெடோ மோசர் 2002இல், மின்தட்டுப்பாட்டு நாட்களில், தண்ணீரும் பிளீச்சும் நிரப்பிய பாட்டிலைக் கூரையில் செருகி, பகல் முழுக்கக் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் எடுத்தார்.

கடைசியாக ஒரு கணக்கு. 75 வாட் பழைய ஃபேன் இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட், இரண்டு மாதத்தில் 108 யூனிட். இரண்டு மாதத்துக்கு என்று 2016இல் தமிழக அரசு அறிவித்த 100 இலவச யூனிட்டையும் ஒரே ஒரு ஃபேன் தின்று ஏப்பம் விட்டுவிடுகிறது! 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் எடுப்பது ஏறத்தாழ 43 யூனிட். கூரை குளிர்ந்து, ராத்திரி கொஞ்ச நேரம் அணைத்து வைக்க முடிந்தால், அதுவும் குறையும்.