ஐந்து தொலைபேசிகளுக்கு ஒரே குரல் பெட்டி: எடுக்கப்படாத அழைப்பு எங்கே போகிறது?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வாப்பாவின் காலத்தில் காசாளர் மேசையில் ஒரேயொரு தொலைபேசி இருந்தது. அது அடித்தால் முதலாளியே எடுப்பார். அவர் தொழப் போயிருந்தால் கணக்கப்பிள்ளை எடுப்பார். இன்று அதே கடைக்கு கவுண்டரில் ஒன்று, கணக்குப் பகுதியில் ஒன்று, பேலியகொடை களஞ்சியத்தில் ஒன்று, கல்முனைக் கிளையில் ஒன்று, மூத்த மகனின் கையடக்கத் தொலைபேசியில் ஒரு செயலி என ஐந்து இணையத் தொலைபேசிகள். ஒன்று எடுக்காவிட்டால் மற்றொன்று அடிக்கும்.

வெள்ளிக்கிழமை பகல் 12.20 மணி. ஜும்ஆவுக்காகக் கடை மூடியாகிவிட்டது. குருநாகலிலிருந்து ஒரு சிங்களக் கொந்தராத்துக்காரர் அழைக்கிறார். அவருக்கு அது வேலை நாள். கூரைத் தகடும் ஆணியும் திங்கட்கிழமை லொறியில் அனுப்ப முடியுமா என்று கேட்கத்தான் அழைத்தார். அழைப்பு ஒவ்வொரு தொலைபேசியாகச் சுற்றி, கடைசியில் களஞ்சியத் தொலைபேசிக்கென்று தனியாக இருந்த குரல் பெட்டியில் போய் விழுகிறது. மனிதர் பொறுமையாகத் தன் தேவையைச் சொல்லிவிட்டு வைக்கிறார். களஞ்சியத்தில் நிற்பவருக்கு அந்தக் கருவியில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்குவது தெரியும். அது எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை அதை யாரோ அழுத்திப் பார்த்தபோது, சரக்கு வேறொரு கடையிலிருந்து போய் இறங்கிப் பல நாட்களாகிவிட்டது.

இது கற்பனைக் கடைதான். ஆனால் புறக்கோட்டையிலும் அக்குறணையிலும் காத்தான்குடியிலும் கிளைகள் வைத்து வியாபாரம் செய்யும் எமது வர்த்தகர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. இணையத் தொலைபேசி வாங்கும்போது எத்தனை இணைப்பு, மாதக் கட்டணம் எவ்வளவு, வெளிநாட்டு அழைப்பு மலிவா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். யாரும் எடுக்காத அழைப்பு எங்கே போகும் என்று கேட்பவர் அரிது. அது எங்கிருந்து வந்தாலும், எந்தக் கிளைக்கு வந்தாலும், ஒரே குரல் பெட்டியில் போய்ச் சேர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை வலியுறுத்தும் விடயம்.

தீர்மானிப்பது கருவியல்ல

குரல் அஞ்சல், அதாவது வொயிஸ் மெயில், புதிய சங்கதியல்ல. அமெரிக்காவில் கோர்டன் மெத்யூஸ் என்பவர் 1979இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1983இல் அதைப் பெற்றார். அன்று அது பெரிய கம்பனிகளால் மட்டுமே வாங்கக்கூடிய இயந்திரமாக இருந்தது. இன்று அது சாதாரண கணினியில் ஓடும் ஒரு மென்பொருள். மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய அஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருள் இதில் பெயர்பெற்றது. சந்தையில் விற்கப்படும் பல சிறிய இணைய பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகளின் உள்ளே இருப்பதும் அதுவே.

இணைய அழைப்புகள் பெரும்பாலும் சிப் என்ற நெறிமுறையில் நடக்கின்றன. இன்று புழக்கத்திலுள்ள அதன் வடிவம் 2002இல் வெளியானது. அழைப்பு வந்ததும் பி.ஏ.பி.எக்ஸ். உங்கள் தொலைபேசிக்கு ஓர் அழைப்பாணை அனுப்பும். தொலைபேசி இலக்கங்களால் பதில் சொல்லும். 180 என்றால் மணி அடிக்கிறது. 486 என்றால் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார். 480 என்றால் இப்போது கிடைக்கமாட்டார். எவரும் எடுக்காவிட்டால், குறித்த விநாடிகள் கழிந்ததும் பி.ஏ.பி.எக்ஸ். தானாகவே அந்த அழைப்பாணையை மீளப் பெற்றுவிடும். அதன் பிறகு அழைப்பை எங்கே அனுப்புவது என்ற தீர்மானமும் அதனிடமே இருக்கிறது. ஆகவே, ஐந்து தொலைபேசிகளுக்கும் ‘எடுக்காவிட்டால் 500ஆம் இலக்கப் பெட்டிக்கு அனுப்பு’ என்று ஒரே கட்டளையை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. தெரிந்த ஒரு தொழில்நுட்பவியலாளருக்கு இது அரை மணித்தியால வேலை.

ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் தவறவிடப்படுவது ஒன்றுண்டு. அழைப்பு எடுக்கப்படாமல் போவது மூன்று விதம்: மணி அடித்தும் எவரும் எடுக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார்கள், தொலைபேசியே இணைப்பில் இல்லை. பலர் முதலாவதற்கு மட்டும் வழி செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்ற இரண்டிலும் அழைப்பவருக்கு வெறும் ‘டூ டூ’ சத்தம்தான் கேட்கும். வியாபாரம் சூடுபிடித்து எல்லோரும் தொலைபேசியில் இருக்கும் காலை 10 மணிக்கு இழக்கும் வாடிக்கையாளர், ஜும்ஆ நேரத்தில் இழப்பவரை விட எண்ணிக்கையில் கூடுதலாகக்கூட இருக்கலாம். மூன்று வழிகளும் அந்த ஒரே பெட்டிக்கே செல்ல வேண்டும். கருவிகளிலேயே யாரோ எப்போதோ அழுத்தி வைத்த திசைதிருப்பல்கள் இருந்தால் அவற்றையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பி.ஏ.பி.எக்ஸ். ஒன்று சொல்ல, கருவி வேறொன்று செய்யும்.

மகனின் போன் செய்யும் குழப்பம்

எமது கடைகளில் அதிகம் நடக்கும் கோளாறு இதுவென்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கடையில் எடுக்காவிட்டால் மகனுடைய மொபைலுக்குப் போகட்டும்’ என்று முதலாளிமார் கேட்பது வழக்கம். செயலி வழியாக அல்லாமல் அவருடைய சாதாரண மொபைல் இலக்கத்துக்கே அழைப்பு திருப்பப்படுகிறது. அந்த மொபைலில் அதன் கம்பனி கொடுத்த குரல் அஞ்சல் இயங்கிக்கொண்டிருந்தால், மகன் எடுக்காத அழைப்பை அது எடுத்துக்கொள்ளும். பி.ஏ.பி.எக்ஸைப் பொறுத்தவரை எடுத்தது மனிதனா இயந்திரமா என்ற பேதமில்லை. ‘அழைப்பு எடுக்கப்பட்டது’ என்று எழுதிவைத்துவிட்டு ஒதுங்கிவிடும். கடையின் பொதுப் பெட்டி வெறுமையாகக் கிடக்க, வாடிக்கையாளரின் செய்தி மகனின் சொந்தப் பெட்டியில், அவருடைய நண்பர்களின் செய்திகளுக்கு நடுவே புதைந்துவிடும்.

இதற்கு மூன்று பரிகாரங்கள் உள்ளன. மொபைலின் குரல் அஞ்சலை நிறுத்திவிடுவது எளிது. மொபைலில் மணி அடிக்கும் நேரத்தை, அதன் குரல் அஞ்சல் குறுக்கிடும் நேரத்தை விடக் குறைத்து வைப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் நம்பிக்கையானது: மொபைலை எடுப்பவர் 1ஐ அழுத்தினால் மட்டுமே அழைப்பு இணைக்கப்படும்படி அமைப்பது. இயந்திரம் 1ஐ அழுத்தாது. எனவே அழைப்பு திரும்பி வந்து பொதுப் பெட்டியில் விழும். ஒரே இலக்கம், பல தொலைபேசிகள், ஒரே குரல் பெட்டி என்ற யோசனையை அமெரிக்காவில் பிரபலப்படுத்திய கிராண்ட்சென்ட்ரல் சேவையும் (கூகிள் 2007இல் அதை வாங்கி 2009இல் கூகிள் வொயிஸ் ஆக்கியது) இப்படி அழுத்தச் சொல்லும் முறையையே கையாண்டது.

எத்தனை விநாடி மணி அடிக்க விடுவது? எனது அபிப்பிராயத்தில் கடையில் 20 விநாடி, மொபைலில் மேலும் 15 விநாடி போதும். அரை நிமிடத்துக்கு மேல் காத்திருப்பவர் கடன்காரராகத்தான் இருப்பார்.

மின்சாரம் போனால்?

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது அடிக்கும். இணையத் தொலைபேசிக்கும் பைபர் இணைப்புக்கும் அந்த வசதி கிடையாது. ரவுட்டர் அணைந்தால் தொலைபேசியும் அணையும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று சொல்லப்பட்ட தடங்கலால் நாடு முழுவதும் இருண்டது.

ஆகவே பெட்டி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கடையின் மூலையில் வைத்துள்ள பி.ஏ.பி.எக்ஸுக்குள்தான் குரல் பெட்டியும் இருக்கிறதென்றால், மின்சாரம் போகும் நேரத்தில், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், அதுவும் இருக்காது. பெட்டி சேவை வழங்கும் கம்பனியின் நிலையத்தில் இருந்தால் கடை இருண்டாலும் செய்தி பதிவாகும். அதற்கு வழியில்லாதவர்கள், கடை இணைப்பு அறுந்தால் அழைப்பு வேறோர் இலக்கத்துக்குத் திரும்பும்படி கம்பனியிடம் சொல்லி வைக்க வேண்டும். ரவுட்டருக்கும் பி.ஏ.பி.எக்ஸுக்கும் ஒரு சிறிய யூ.பி.எஸ். வைப்பது தற்காலிக ஆறுதல்.

பெட்டிக்குப் பொறுப்பு யார்?

ஒரே பெட்டி என்றதும் வேறொரு சிக்கல் எழுகிறது. கல்முனைக் கிளையை அழைத்தவரின் செய்தியும் கொழும்புக் கடையை அழைத்தவரின் செய்தியும் ஒரே குவியலில் கிடக்கும். அழைத்தவரின் இலக்கத்துக்கு முன்னால் கிளையின் பெயர் சேரும்படி பி.ஏ.பி.எக்ஸில் அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. செய்தி மின்னஞ்சலில் ஒலிக்கோப்பாக வரும்போதே, எந்த இலக்கத்திலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கிளைக்கு என்பது தலைப்பில் தெரியும். சுருக்கப்படாத பதிவு நிமிடத்துக்குச் சுமார் 1 மெகாபைட். சுருக்கினால் அதில் பத்திலொன்று. டேட்டா செலவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மின்னஞ்சல் சகோதரர்கள் மூவருக்கும் போகட்டும். கூட்டு வியாபாரத்தில் அது நல்லது. ஆனால் திருப்பி அழைக்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். மூவரும் பார்க்கும் பெட்டியில் ‘நானா எடுத்திருப்பார்’ என்று தம்பியும், ‘தம்பி பேசியிருப்பான்’ என்று நானாவும் விட்டுவிடுவார்கள். அல்லது இருவரும் தனித்தனியே அழைத்து இரண்டு விலை சொல்வார்கள். இரண்டாவது முதலாவதை விட மோசம். திருப்பி அழைத்த பிறகே செய்தியை அழிப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால், பெட்டியில் மீதமிருப்பதெல்லாம் செய்யப்படாத வேலை என்பது பார்த்தவுடன் புரியும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எமது மக்களில் பலர் இயந்திரத்துடன் பேச விரும்புவதில்லை. ‘பீப்’ சத்தம் கேட்டதும் வைத்துவிடுவார்கள். எனவே பெட்டியை மட்டும் நம்பாமல் பேசாமல் வைத்தவர்களின் இலக்கப் பட்டியலையும் அதே பொறுப்பாளர் பார்க்க வேண்டும். பி.ஏ.பி.எக்ஸில் ஒவ்வொரு அழைப்பின் பதிவும் இருக்கும். வரவேற்புச் செய்தி முதலாளியின் அல்லது வாடிக்கையாளருக்குப் பழக்கமான ஒருவரின் குரலில், சிங்களத்திலும் தமிழிலும், மொத்தம் 15 விநாடிக்குள் இருந்தால் பேசுபவர் கூடுவர். ‘ஜும்ஆவுக்குப் போயிருக்கிறோம், 2 மணிக்குப் பிறகு நாங்களே அழைப்போம்’ என்று நேரத்தைச் சொல்லிவிடுங்கள். நோன்பு காலத்தில் இப்தார் நேரத்துக்கென்று வேறொரு செய்தி வைக்கலாம். சொன்ன நேரத்துக்கு அழைக்க முடியாதென்றால் நேரத்தைச் சொல்லவே வேண்டாம். வாக்குறுதி அங்கேயே பதிவாகிவிடுகிறது.

பெட்டியில் விழுவது அமானிதமும்கூட. ‘ஹாஜியார், அந்த செக்கை இந்த வாரம் போட வேண்டாம்’ என்று ஒருவர் பதிவு செய்து வைப்பார். அதைக் கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது அவருடைய மானத்தில் கை வைப்பதாகும். பெட்டியின் இரகசிய இலக்கத்தை 1234 என்றோ, பெட்டியின் இலக்கத்தையே திரும்பவும் என்றோ விட்டுவிடக் கூடாது. பிரித்தானியாவில் பிறருடைய குரல் பெட்டிகளுக்குள் புகுந்து ஒட்டுக்கேட்ட விவகாரத்தால் ‘நியூஸ் ஒஃப் த வேர்ள்ட்’ என்ற பழம்பெரும் பத்திரிகை 2011 ஜூலையில் மூடப்பட்டது. மாற்றப்படாத ஆரம்ப இரகசிய இலக்கங்களே அங்கு பல வேளை கதவைத் திறந்துவிட்டன. ஒட்டுக்கேட்பது மட்டுமல்ல, பலவீனமான பெட்டி வழியாக பி.ஏ.பி.எக்ஸுக்குள் நுழைந்து இரவோடிரவாக வெளிநாடுகளுக்கு அழைப்பெடுக்கும் கும்பல்களும் உண்டு. பில் வருவது உங்கள் பெயருக்கு. பெட்டியிலிருந்து வெளியே அழைக்கும் வசதியை நிறுத்திவிடச் சொல்லுங்கள். எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருப்பதையும், பழைய பதிவுகளைக் குவித்து வைத்திருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வேலை முடிந்தது என்று தொழில்நுட்பவியலாளர் சொன்னதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு, வேறொருவருடைய மொபைலிலிருந்து கடை இலக்கத்துக்கு நான்கு தடவை அழையுங்கள்: எவரும் எடுக்காமல் ஒரு தடவை, எல்லாத் தொலைபேசிகளிலும் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை, மகனின் மொபைலை அணைத்துவிட்டு ஒரு தடவை, ரவுட்டரின் வயரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பதிவு செய்யுங்கள். பிறகு பெட்டியைத் திறந்து நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.