பச்சை உடம்பும் தளர்ந்த இதயமும்

ஆலங்குடிப் பக்கத்தில் என் உறவுப் பெண் ஒருத்திக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. மூன்றாம் வாரம் அவளால் படுத்துத் தூங்க இயலவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தாள். கால்கள் வீங்கியிருந்தன. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் பெரியவர்கள். இயற்பியல் கற்பிக்கும் நானும் அப்படியே எண்ணினேன். நான்கு நாள் வீணாயிற்று.

படுத்தால் மூச்சு முட்டுவதும், எழுந்து உட்கார்ந்தால் தணிவதும் ஏன்? நிற்கும்போது புவியீர்ப்பால் கால்களில் தேங்கும் இரத்தம், படுத்ததும் இதயத்துக்குத் திரும்புகிறது. நல்ல இதயம் அதை உடனே வெளியே தள்ளிவிடும். வலுவிழந்த இதயத்தால் முடியாது. தேங்கிய இரத்தத்தின் அழுத்தம் பின்னோக்கிச் சென்று, நுரையீரலில் நீர் கசிகிறது.

கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடும். பெரும்பாலான இதயங்கள் இச்சுமையைத் தாங்கிக்கொள்ளும். மிகச் சிலருக்கு மட்டும், நிறைமாதத்திலோ பிரசவத்துக்குப் பிந்திய சில மாதங்களிலோ, இதயத் தசை தளர்ந்து இதயம் பலூன்போல் விரிகிறது. இதுவே பேறுகால இதயத்தசை நோய். லாப்லாஸ் விதியை நினைவுகூருங்கள்: ஒரே அழுத்தத்தை உண்டாக்க, ஆரம் பெருகப் பெருகச் சுவரின் இழுவிசையும் பெருக வேண்டும். ஆக, விரிந்த இதயம் தளர்ந்த தசையைக் கொண்டு முன்னிலும் கடுமையாக உழைக்க நேர்கிறது!

மீயொலியைக் கொண்டு இதயத்தைப் படம் பிடிப்பதே எக்கோ. நல்ல இதயத்தின் இடது கீழறையில் 120 மில்லிலிட்டர் இரத்தம் நிறைந்தால், ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லிலிட்டர் வெளியேறும்; அதாவது 58 விழுக்காடு. இந்நோயில் அது 45க்குக் கீழே இறங்கும். எங்கள் பெண்ணுக்கு 30.

பேறுகாலத்தில் இதயத்தைத் தாக்குவது இந்நோய் மட்டுமன்று. மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்ட வால்வுகளும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 2016 முதல் 2019 வரை இதய நோயுள்ள 1005 கர்ப்பிணிகளை ஆராய்ந்தார்கள். பத்தில் ஆறு பேருக்கு, நோய் இருப்பதே கர்ப்ப காலத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது.

மருந்துகளால் பலருக்கு இதயம் சில மாதங்களில் பழைய வலுவைப் பெற்றுவிடும். அப்படி மீண்டவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்தில் நோய் திரும்பலாம். மீளாதவர்களுக்கோ அது உயிருக்கே ஆபத்து. எங்கள் பெண்ணின் அளவு 45க்கு மேல் ஏறவில்லை. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றார் மருத்துவர். ஆண் பிள்ளை வேண்டுமென்று வீட்டில் ஓராண்டு வாக்குவாதம் நடந்தது. ஒருநாள் அவள் மாமியாரை எக்கோ அறைக்கே அழைத்துச் சென்று, திரையில் அந்த இதயம் துடிப்பதைக் காட்டினோம். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகள் இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள்.